அமெரிக்கக் கல்லூரியில் முதலாண்டு எழுத்து வகுப்பு: புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவுக்கு இளநிலைப் படிப்புக்குப் போகிற நம் பிள்ளைகள் கால்குலஸ், பிசிக்ஸ், கோடிங் எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் விமானம் ஏறுகிறார்கள். முதல் செமஸ்டரில் அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இவை எதிலும் இல்லை, எழுத்து வகுப்பில். கல்லூரிக்குக் கல்லூரி அதன் பெயர் மாறும்: இங்கிலீஷ் 101, காலேஜ் காம்போசிஷன், ஃபர்ஸ்ட் இயர் ரைட்டிங். மாணவர்கள் சுருக்கமாக ‘காம்ப்’ என்பார்கள். இன்ஜினியரிங் என்றாலும் பிசினஸ் என்றாலும் பெரும்பாலான கல்லூரிகளில் இதிலிருந்து தப்ப முடியாது. வழக்கமாக 3 கிரெடிட் (பாடத்தின் எடையைக் கணக்கிடும் அலகு), ஏறக்குறைய 15 வாரம். சில இடங்களில் இரண்டு செமஸ்டர்.

“பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவனுக்கு எதற்கு இன்னொரு இங்கிலீஷ் வகுப்பு?” என்று கேட்கத் தோன்றும். இது மொழி கற்பிக்கும் வகுப்பு இல்லை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். இதன் வரலாறே அப்படித்தான் தொடங்குகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1874இல் தன் நுழைவுத் தேர்வில் கட்டுரை எழுதும் பகுதியைச் சேர்த்தது. பெரிய பள்ளிகளில் படித்த, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பையன்களே அதில் சறுக்கினார்கள். 1885இல் முதலாண்டு மாணவர்களுக்கென்று ‘இங்கிலீஷ் ஏ’ என்ற வகுப்பு வந்தது. நாடு முழுக்கப் பரவியது அந்த வழக்கம்தான்.

இந்த வகுப்பில் உண்மையில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று என்பது என் கருத்து: எழுதியதைத் திருப்பி எழுதுவது. தலைப்பு, மேற்கோள், இலக்கணம், வடிவம் எல்லாம் அதற்குப் பின்னால்தான். அதனால் இந்த வழிகாட்டியும் அந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்கும்.

முதலில், எந்தப் பிரிவில் சேர்வது

சேர்க்கை நேரத்தில் உங்கள் அட்வைசர் பிளேஸ்மென்ட் பற்றி, அதாவது எந்தப் பிரிவு உங்களுக்குப் பொருந்தும் என்பது பற்றிப் பேசுவார். சில கல்லூரிகள் டோஃபல், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்க்கும். சில ஒரு சின்னக் கட்டுரை எழுதச் சொல்லும். சில ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து உங்களையே முடிவெடுக்கச் சொல்லும். பன்மொழி மாணவர்களுக்கென்றே தனிப் பிரிவுகள் பல கல்லூரிகளில் உண்டு. அதில் சேர்வதை மட்டமாக நினைக்காதீர்கள். பட்டத்துக்கு அது வழக்கமான பிரிவுக்குச் சமமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் யோசிக்கவே வேண்டாம். பெரும்பாலும் வகுப்பும் சிறியது, ஆசிரியரும் இதில் பழகியவர்.

வகுப்பின் அளவு முக்கியம். அமெரிக்கக் கல்லூரி எழுத்தாசிரியர்களின் பெரிய அமைப்பு 1949இல் தொடங்கப்பட்டது. ஒரு பிரிவில் 20 பேருக்கு மேல் வேண்டாம், 15 பேர் என்றால் நல்லது என்று அது சொல்கிறது. எல்லாக் கல்லூரியும் கேட்பதில்லை. இரண்டு பிரிவுகளில் இடம் இருந்தால், நேரம் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் சின்ன வகுப்பையே எடுங்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. இளநிலை மாணவர் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் படித்தாக வேண்டும். சரியாக 12 மட்டும் எடுத்துவிட்டு, நடுவில் எழுத்து வகுப்பு கஷ்டமாக இருக்கிறதென்று விட்டுவிட்டால் கணக்கு 9க்கு இறங்கி விசாவுக்கே சிக்கல் வரும். எதையும் டிராப் செய்யும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சிலபஸும் ப்ராம்ப்ட்டும்

நம் ஊரில் சிலபஸ் என்றால் பாடப் பட்டியல். அங்கே அது கிட்டத்தட்ட ஓர் ஒப்பந்தப் பத்திரம். எத்தனை வகுப்புக்கு வராவிட்டால் மதிப்பெண் குறையும், தாமதமாகக் கொடுத்தால் என்ன வெட்டு, திருத்தி எழுதித் திரும்பக் கொடுக்கலாமா, ஏஐ கருவிகளுக்கு அனுமதி உண்டா, எல்லாம் அதில் இருக்கும். ‘ரிவிஷன் பாலிசி’ என்ற பகுதியை முதலில் தேடுங்கள். மதிப்பெண் வந்த பிறகும் திருத்தி எழுதித் தரலாம் என்று சில ஆசிரியர்கள் அனுமதிப்பார்கள். அதைக் கவனிக்காமல் விடுகிறவர்களே அதிகம்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு ப்ராம்ப்ட், அதாவது என்ன எழுத வேண்டும் என்று சொல்லும் தாள் தருவார்கள், ஒரு பக்கம் இரண்டு பக்கம்கூட இருக்கும். அதில் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். ‘அனலைஸ்’ என்று இருந்தால் கதைச் சுருக்கம் எழுதக் கூடாது, அது எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துக் காட்ட வேண்டும். ‘ஆர்க்யூ’ என்றால் ஒரு பக்கம் நிற்க வேண்டும். ‘ரிஃப்ளெக்ட்’ என்றால் ‘நான்’ போட்டு எழுதலாம், எழுதவும் வேண்டும். கட்டுரையில் ‘நான்’ வரவே கூடாது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இங்கே அந்த விதி கட்டுரைக்குக் கட்டுரை மாறும்.

பொதுவாக ஒரு செமஸ்டரில் நாலைந்து பெரிய கட்டுரைகள் வரும். படிக்கவும் எழுதவும் எப்படிக் கற்றீர்கள் என்ற சொந்த அனுபவம், ஓர் உரையையோ விளம்பரத்தையோ அது வாசகரை எப்படி வசப்படுத்துகிறது என்று பிரித்துப் பார்ப்பது, ஆதாரங்களைத் திரட்டிக் குறிப்பு எழுதுவது, அவற்றை வைத்து ஒரு வாதக் கட்டுரை, கடைசியில் தேர்ந்த கட்டுரைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோ. வரிசை மாறலாம், சரக்கு ஏறக்குறைய இதுதான்.

பள்ளிக் கட்டுரையை எங்கே விடுவது

முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் உட்தலைப்புகள், தொடக்கத்தில் ஒரு பொன்மொழி, முடிவில் ‘ஆகவே நாம் அனைவரும்’. இந்த அச்சில் நாம் எழுதிய கட்டுரைகளுக்குக் கணக்கே இல்லை. அமெரிக்கப் பிள்ளைகளும் ஐந்து பத்திக் கட்டுரை என்ற வேறோர் அச்சில் வார்க்கப்பட்டுத்தான் வருகிறார்கள். முதலில் எல்லோரிடமிருந்தும் பிடுங்கப்படுவது இந்த அச்சுதான். அதன் இடத்தில் தீசிஸ் என்ற ஒன்றைக் கேட்பார்கள். கட்டுரை முழுவதும் நிரூபிக்கப் போகிற ஒரு கூற்று அது. நியாயமான ஒருவர் அதை மறுக்க இடம் இருக்க வேண்டும். யாராலும் மறுக்க முடியாத வாக்கியம் தீசிஸ் ஆகாது.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை கொண்டுபோகிறேன். அமெரிக்காவில் இறங்கியதும் நம்மவர்களைக் குழப்பும் விஷயம் டிப்ஸ். பில்லுக்கு மேல் நூற்றுக்குப் பதினைந்து, இருபது எதற்குத் தர வேண்டும்? கட்டுரைக்கு நல்ல தலைப்பு, ஏனென்றால் கேள்வி உங்களுடையது. சரி, முதல் டிராஃப்டில் (வரைவில்) தீசிஸ் இப்படித்தான் வரும்:

“டிப்ஸ் கொடுப்பதில் நன்மைகளும் தீமைகளும் உள்ளன.”

இதை மறுக்க ஆள் கிடைக்காது, அதனால் படிக்கவும் ஆள் கிடைக்காது. ஆசிரியர் ஓரத்தில் ‘நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?’ என்று எழுதுவார். அடுத்து வருவது:

“டிப்ஸ் பழக்கத்தை ஒழிக்க வேண்டும்.”

இப்போது சண்டைக்கு ஆள் கிடைக்கும். ஆனால் யார் ஒழிப்பது, எப்படி, ஏன் என்று எதுவும் இல்லை. இந்த இடத்தில் நூலகத்துக்குப் போக வேண்டும். போனால் முதலில் கிடைப்பது ஒரு கூலிக் கணக்கு. கூட்டாட்சிச் சட்டப்படி மணிக்குக் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர், 2009 முதல் அதே அளவு. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து தர வேண்டியது 2.13 டாலர்தான், அது 1991 முதல் மாறவில்லை. டிப்ஸையும் சேர்த்து 7.25 வராவிட்டால் மீதியை முதலாளி போட வேண்டும். கலிஃபோர்னியா, வாஷிங்டன், மின்னசோட்டா போன்ற சில மாநிலங்களில் இந்தத் தனிக் கூலியே கிடையாது, எல்லோருக்கும் ஒரே குறைந்தபட்சக் கூலி. இதைப் படித்த பிறகு தீசிஸ் தானாக மாறும்:

“உணவக முதலாளி தர வேண்டிய கூலியை வாடிக்கையாளர் தலையில் கட்டுகிற 2.13 டாலர் விதியைக் கூட்டாட்சிச் சட்டம் கைவிட வேண்டும்.”

நல்ல வாக்கியம். பலர் இங்கேயே நின்றுவிடுவார்கள், பி கிரேடும் கிடைக்கும். இன்னும் கொஞ்சம் தோண்டினால் மேய்ன் மாநிலம் வரும். 2016இல் அங்கே பொதுவாக்கெடுப்பில் மக்கள் இந்தத் தனிக் கூலியைப் படிப்படியாக நீக்க ஒப்புக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. திருப்பச் சொல்லிக் கேட்டவர்களில் உணவக ஊழியர்களும் இருந்தார்கள்! கூலி உயர்ந்தால் டிப்ஸ் குறையும் என்று பயந்தவர்கள் அவர்கள். யாருக்காக எழுதினீர்களோ அவர்களில் ஒரு பகுதியே உங்களுக்கு எதிராக நிற்கிறது. இந்தத் தகவலை ஒளித்துவைக்கத் தோன்றும். ஒளிக்காதீர்கள். கட்டுரை உயிர் பெறும் இடமே இதுதான். நாலாவது தீசிஸ் இப்படி வரலாம்:

“டிப்ஸ் கொழிக்கும் உணவகங்களின் ஊழியர்கள் எதிர்த்தாலும், கூட்டம் வராத கடைகளில் வேலை பார்ப்பவர்களைக் கருதி 2.13 டாலர் விதியைக் கைவிட வேண்டும்.”

இப்போது கட்டுரைக்குள் இரண்டு தரப்பு இருக்கிறது, இரண்டில் ஒன்றை ஏன் தேர்ந்தீர்கள் என்ற காரணமும் இருக்கிறது. இந்த வேலை நமக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். நூலாசிரியருக்கு ஏழு மதங்கள், அதாவது கொள்கைகள், உண்டு என்று நன்னூல் சொல்கிறது. அதில் ‘பிறர்தம் மதமேற் கொண்டு களைவு’ ஒன்று: அடுத்தவர் கருத்தை முதலில் ஏற்றுச் சொல்லி, பிறகு நீக்குவது. ‘இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு’ இன்னொன்று: இருவர் முரண்படும்போது ஒரு பக்கம் துணிவது. காம்ப் வகுப்பில் கவுண்டர் ஆர்க்யூமென்ட் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவது இதைத்தான். பள்ளியில் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வைத்தார்கள், செய்து பார்க்க வைக்கவில்லை.

முதல் டிராஃப்ட்

முதல் டிராஃப்ட் மோசமாக இருக்கலாம். இருக்கத்தான் வேண்டும் என்றுகூடச் சொல்வேன். வெள்ளைத் திரையைப் பார்த்து உறைந்துபோனால் ஃப்ரீரைட்டிங் செய்யுங்கள். பீட்டர் எல்போ என்ற எழுத்தாசிரியர் 1970களில் பரப்பிய முறை: பத்து நிமிடம் கடிகாரம் வைத்துக்கொண்டு, கை நிற்காமல், எதையும் அடிக்காமல், என்ன தோன்றுகிறதோ அதை எழுதுவது. ‘எழுத ஒன்றும் தோன்றவில்லை’ என்று பத்துத் தடவை எழுதினாலும் பரவாயில்லை. யாரும் படிக்கப் போவதில்லை, மதிப்பெண்ணும் இல்லை.

இதைத் தமிழிலும் செய்யலாம். ஆசிரியர் கேட்பது ஆங்கிலக் கட்டுரை. யோசனை எந்த மொழியில் ஓடியது என்று யாரும் கேட்பதில்லை. டிப்ஸ் மீது உங்களுக்கு எரிச்சல் ஏன் வருகிறது என்பதைத் தமிழில் எழுதினால் ஆங்கிலத்தில் வராத காரணம் ஒன்று வந்து விழும். அப்புறம் அந்தத் தாளை மூடிவைத்துவிட்டு ஆங்கிலத்தில் புதிதாக எழுதுங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்த்தால் மட்டும் இடிக்கும்.

முன்னுரையைக் கடைசியில் எழுதுவது நல்லது. எங்கே போய்ச் சேர்ந்தோம் என்று தெரிந்த பிறகுதான் வழி சொல்ல முடியும். ‘மனிதகுலம் தோன்றிய காலம் முதல்’ என்று தொடங்கும் பத்தி இருந்தால் தயங்காமல் வெட்டுங்கள். பெரும்பாலும் கட்டுரை இரண்டாவது பத்தியில்தான் தொடங்கியிருக்கும்.

சக மாணவர் வாசிப்பு

டிராஃப்ட் வந்ததும் பியர் ரிவ்யூ. உங்கள் கட்டுரையை இரண்டு மூன்று மாணவர்கள் படிப்பார்கள், அவர்களுடையதை நீங்கள் படிப்பீர்கள். நம் பிள்ளைகள் இதில் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். ஒருவர் ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதிவிட்டு ஒதுங்குவார். இன்னொருவர் கமாவையும் ஸ்பெல்லிங்கையும் வேட்டையாடுவார். இரண்டாலும் எழுதியவருக்குப் பயன் இல்லை. பதிலாக மூன்றைச் சொல்லுங்கள்: இந்தக் கட்டுரை என்ன சொல்வதாக எனக்குப் புரிந்தது, எந்த இடத்தில் தொலைந்துபோனேன், எந்த இடத்தில் ‘இன்னும் சொல்லேன்’ என்று தோன்றியது. எழுதியவர் நினைத்ததும் உங்களுக்குப் புரிந்ததும் வேறாக இருந்தால் அவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

உங்கள் கட்டுரை அடிபடும்போது விளக்கம் சொல்லக் கிளம்பாதீர்கள். கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் ஒரே பத்தியில் தடுக்கியிருந்தால் அங்கே பள்ளம் இருக்கிறது. அவர்கள் சொல்லும் தீர்வு தவறாக இருக்கலாம், ஆனால் இடத்தைச் சரியாகக் காட்டியிருப்பார்கள்.

திருத்துவது

1980இல் நான்சி சாமர்ஸ் என்ற ஆய்வாளர், 20 முதலாண்டு மாணவர்களையும் எழுதிப் பழகிய 20 பெரியவர்களையும் வைத்து, அவர்கள் எப்படித் திருத்துகிறார்கள் என்று பார்த்தார். மாணவர்கள் திருத்தம் என்றால் சொல்லை மாற்றுவது, திரும்ப வருவதை அடிப்பது என்று எடுத்துக்கொண்டார்கள். அனுபவசாலிகள் தங்கள் வாதத்தின் வடிவத்தையே தேடினார்கள், வாசகர் என்ன கேட்பார் என்று யோசித்தார்கள், பத்திகளைத் தூக்கி இடம் மாற்றினார்கள். இன்றைக்கும் வகுப்பில் அதே காட்சிதான். ‘ரிவைஸ்’ என்று சொன்னதும் பையன்கள் சிவப்புக் கோடு போட்ட இடங்களைச் சரி செய்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஆசிரியர் சொன்னது அதை இல்லை.

எப்படிச் செய்வது? கட்டுரையை அச்செடுத்து, பத்திகளுக்கு எண் போடுங்கள். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது சொல்வதை ஒரே வரியில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்தப் பத்தியில் இரண்டு விஷயம் இருக்கிறது, அல்லது ஒன்றுமே இல்லை. பிறகு கட்டுரையை மறந்துவிட்டு ஓர வரிகளை மட்டும் படியுங்கள். டிப்ஸ் கட்டுரையில் இப்படி வரும்: 1. எனக்குக் குழப்பம். 2. டிப்ஸின் வரலாறு. 3. சட்டக் கணக்கு. 4. மற்ற நாடுகள். 5. சட்டக் கணக்கு மறுபடியும். 6. மேய்ன். 7. முடிவு. பார்த்தவுடனே தெரிகிறது: மூன்றும் ஐந்தும் சேர வேண்டும், நாலு தேவையா என்று கேட்க வேண்டும், மேய்ன் இவ்வளவு கடைசியில் ஒதுங்கியிருக்கக் கூடாது. அமெரிக்கர்கள் இதை ரிவர்ஸ் அவுட்லைன் என்கிறார்கள். இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டு வெளியே வந்தாலே கட்டிய ஃபீஸுக்குக் கணக்கு சரியாகிவிடும்.

மறுபடி நன்னூல். அதில் பத்துக் குற்றங்களின் பட்டியல் ஒன்று உண்டு. நாலை மட்டும் எடுத்து மேசைக்கு எதிரே ஒட்டிக்கொள்ளலாம்: குன்றக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல். ஆசிரியர் ஓரத்தில் ‘டெவலப்’ என்று எழுதினால் முதல் குற்றம். ‘ரிபீட்டிடிவ்’ என்றால் இரண்டாவது. ‘ஹவ் டஸ் திஸ் கனெக்ட்?’ என்றால் மூன்றாவது. நாலாவது, பிரமாதமாகத் தொடங்கி மெலிந்து முடிவது, விடியற்காலை மூன்று மணிக்கு எழுதி முடிக்கப்பட்ட எல்லாக் கட்டுரைகளிலும் இருக்கும்.

ஆசிரியர் குறிப்புகள் வந்ததும் உடனே திருத்த உட்காராதீர்கள். ஓர் இரவு போகட்டும். பிறகு குறிப்புகளை இரண்டாகப் பிரியுங்கள்: கருத்தைத் தொடுபவை, வாக்கியத்தைத் தொடுபவை. கருத்தை முதலில் முடியுங்கள். நாளைக்குத் தூக்கி எறியப் போகிற பத்திக்கு இன்றைக்கு இலக்கணம் பார்ப்பது வீண் வேலை.

ஆசிரியரைப் பார்ப்பது

ஆபீஸ் ஹவர்ஸ் என்பது மாணவர்களுக்காகவே ஒதுக்கிய நேரம். பிரச்சினை வந்தால்தான் போக வேண்டும் என்று இல்லை. பல ஆசிரியர்கள் செமஸ்டரில் ஓரிரு முறை ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டுக் கால் மணி நேரம் பேசுவார்கள். அதற்கு ‘கட்டுரை நன்றாக இருக்கிறதா?’ என்ற கேள்வியோடு போகாதீர்கள். ‘மேய்ன் பத்தியை முன்னால் கொண்டுவரலாமா, அப்படிச் செய்தால் கூலிக் கணக்கு புரியாமல் போகுமா?’ என்று கேளுங்கள். கேள்வி எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ அவ்வளவு குறிப்பாகப் பதில் வரும்.

சார், மேடம் என்று கூப்பிட வேண்டாம். ‘புரொஃபசர்’ போட்டுக் குடும்பப் பெயரைச் சொன்னால் போதும். உங்கள் ஆசிரியர் முனைவர் பட்டம் படித்துக்கொண்டிருக்கும் இருபத்தைந்து வயதுக்காரராக இருக்கலாம், ‘பெயர் சொல்லியே கூப்பிடு’ என்பார். முதலில் நாக்கு கூசும், பழகிவிடும். அவர் சொல்வதோடு நீங்கள் ஒத்துப்போகவில்லை என்றாலும் காரணத்தோடு சொல்லலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது.

ரைட்டிங் சென்டர்

கிட்டத்தட்ட எல்லாக் கல்லூரியிலும் எழுத்து மையம் உண்டு, மாணவர்களுக்கு இலவசம். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்வரை ஒருவர் உங்களோடு உட்கார்ந்து டிராஃப்டைப் பேசுவார். கட்டுரையைக் கொடுத்துவிட்டுப் போய், பிழை திருத்தி வாங்கிக்கொள்ளும் இடம் இல்லை அது. உங்களையே வாய்விட்டுப் படிக்கச் சொல்வார்கள். கடைசி நாளில் போனால் பயன் குறைவு. ப்ராம்ப்ட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வரிகூட எழுதாமல் போனாலும் வரவேற்பார்கள். பர்டியூ பல்கலைக்கழகத்தின் எழுத்து மையம் 1994இல் தொடங்கிய ‘பர்டியூ அவுல்’ இணையத்தளம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. மேற்கோள் விதியில் சந்தேகம் வந்தால் ஆசிரியர்களே அதைத்தான் திறக்கிறார்கள்.

மேற்கோளும் திருட்டும்

இதைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாடப் புத்தகத்தின் வரியை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண் என்ற ஊரிலிருந்து போகிறோம். அங்கே அதே செயலுக்குப் பூஜ்யம் வரும், பாடத்தில் எஃப் வரும், விசாரணைக்கும் கூப்பிடுவார்கள். தெரியாமல் செய்தேன் என்பது எப்போதும் காப்பாற்றாது.

முழுதாகக் காப்பியடிப்பவர்கள் குறைவு. நம்மவர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில்: மூல வாக்கியத்தை எதிரே வைத்துக்கொண்டு நாலு சொல்லை மாற்றிப் போடுவது. அது சொந்த வாக்கியம் ஆகிவிடாது. எனக்குத் தெரிந்த நல்ல மருந்து தமிழ்தான். மூலத்தைப் படியுங்கள், மூடுங்கள், ஒரு நண்பரிடம் சொல்வதுபோல் தமிழில் சொல்லிப் பாருங்கள், அதன்பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள். கடைசியில் மூலத்தோடு ஒப்பிட்டுத் தகவல் சரியா என்று பாருங்கள். இப்படி எழுதினாலும் யாரிடமிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டாக வேண்டும். சொல் உங்களுடையது, கருத்து அவருடையது.

நேரடி மேற்கோள் போட்டால் அநாதையாக விடாதீர்கள். யார் சொன்னார் என்று முன்னால் ஒரு வரி, அது உங்கள் வாதத்துக்கு என்ன செய்கிறது என்று பின்னால் இரண்டு வரி. மேற்கோளை விட விளக்கம் நீளமாக இருக்கட்டும்.

வடிவம் பற்றி அதிகம் கவலை வேண்டாம். காம்ப் வகுப்பில் பெரும்பாலும் எம்எல்ஏ என்ற மேற்கோள் முறையைக் கேட்பார்கள், 2021இல் வந்த ஒன்பதாம் பதிப்பு. உளவியல், சமூகவியல் பக்கம் போனால் ஏபிஏ என்ற இன்னொரு முறை, ஏழாம் பதிப்பு. ஸொட்டேரோ என்ற இலவச மென்பொருள் பட்டியலைத் தானே போட்டுத் தரும், சரிபார்ப்பது மட்டும் உங்கள் வேலை. விக்கிப்பீடியாவை மேற்கோளாகக் காட்டாமல், அதன் அடிக்குறிப்புகளைப் பிடித்து மூலத்துக்குப் போங்கள். நூலகரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஜேஸ்டோர் போன்ற தரவுத்தளங்களில் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது என்பதை அவர் அஞ்சு நிமிடத்தில் காட்டிவிடுவார்.

ஏஐ கருவிகளுக்கு ஒரே விதி இல்லை. ஓர் ஆசிரியர் அறவே கூடாது என்பார், இன்னொருவர் பயன்படுத்திவிட்டுக் குறிப்பிடு என்பார். சிலபஸில் இல்லை என்றால் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிவையுங்கள். கூகுள் டாக்ஸில் எழுதினால், எப்போது எதை மாற்றினீர்கள் என்று காட்டும் வெர்ஷன் ஹிஸ்டரி நீங்களே எழுதியதற்குச் சாட்சியாக நிற்கும். இது வெறும் எச்சரிக்கை இல்லை. 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், டோஃபலுக்கு மாணவர்கள் எழுதிய கட்டுரைகளை ஏழு ஏஐ கண்டுபிடிப்பான்களில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியதாக அவை சொல்லின. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாக எழுதுபவர் மேல் சந்தேகம் எளிதாக விழுகிறது, டிராஃப்ட்களைப் பத்திரப்படுத்துங்கள்.

வாக்கியங்கள்

கடைசியாகத்தான் இலக்கணம். தமிழர்களுக்குத் தீராத தலைவலி ‘ஏ’, ‘ஆன்’, ‘த’ என்ற ஆர்ட்டிகிள்கள். நம் மொழியில் அதற்கு நேரான பொருள் இல்லை, காது எச்சரிக்காது. திருத்திக் கொடுத்த கட்டுரைகளிலிருந்து உங்கள் பிழைகளை ஒரு நோட்டில் வகை பிரித்து எழுதிவாருங்கள். சீக்கிரமே தெரிந்துவிடும், நூறு பிழை என்று நினைத்தது மூன்று நாலு வகைதான் என்று. அந்த நாலை மட்டும் கடைசிப் படிப்பில் தேடுங்கள்.

லட்சம், கோடி என்று எழுதினால் புரியாது, மில்லியனுக்கு மாற்றுங்கள். பிரிட்டிஷ் ஸ்பெல்லிங் பல ஆசிரியர்களுக்குப் பரவாயில்லை, ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள். மேற்கோள் குறிக்கு உள்ளேதான் முற்றுப்புள்ளி என்பது அமெரிக்க வழக்கம். மற்றதை வாய்விட்டுப் படித்தால் பிடித்துவிடலாம்; மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்.

போர்ட்ஃபோலியோ

செமஸ்டர் முடிவில் சில கட்டுரைகளைத் தேர்ந்து, மீண்டும் திருத்தி, ஒரு கடிதத்தோடு கொடுக்கச் சொல்வார்கள். எதை எப்படி மாற்றினீர்கள் என்பதுதான் அந்தக் கடிதம். ‘இந்த வகுப்பில் மிகவும் வளர்ந்தேன், ஆசிரியருக்கு நன்றி’ என்பது நம் ஊர் ஆண்டு விழாப் பேச்சு, அங்கே அதற்கு மதிப்பெண் கிடையாது. ‘முதல் டிராஃப்டில் ஊழியர்கள் எல்லோரும் ஒரே பக்கம் என்று எடுத்துக்கொண்டேன். மேய்ன் செய்தியைப் படித்த பிறகு ஆறாம் பத்தியை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்தேன், நாலாம் பத்தியை எடுத்துவிட்டேன்’ என்று எழுதுங்கள், இரண்டு டிராஃப்டிலிருந்தும் அந்த வரிகளை எடுத்துக் காட்டுங்கள். இதற்காகவே ஒவ்வொரு டிராஃப்டையும் தேதி போட்டுத் தனிக் கோப்பாகச் சேமித்துவாருங்கள். பழையதன் மேலேயே எழுதிக்கொண்டே போனால் கடைசி வாரத்தில் காட்ட ஒன்றும் இருக்காது.

செமஸ்டர் முடிந்த கொஞ்ச நாளில் வகுப்பின் இணையப் பக்கம் மூடப்படலாம். அதற்குள் ஆசிரியர் குறிப்புகளோடு எல்லாக் கட்டுரைகளையும் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகைக்கோ மேற்படிப்புக்கோ எழுத்து மாதிரி கேட்கும்போது அவற்றில் ஒன்று கைகொடுக்கும். பரிந்துரைக் கடிதத்துக்கும் இந்த ஆசிரியரை மறக்காதீர்கள்: இருநூறு பேர் உட்காரும் பிசிக்ஸ் வகுப்பில் உங்கள் முகம்கூடத் தெரியாது, இவருக்கு உங்கள் நாலு டிராஃப்டும் தெரியும். இரண்டாம் செமஸ்டர் எழுத்து வகுப்பும் கட்டாயம் என்றால், அதை மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளாமல் அடுத்த செமஸ்டரிலேயே எடுத்து முடியுங்கள். அதே ஆசிரியரின் பிரிவில் இடம் இருந்தால், பதிவு திறக்கும் அன்றே போட்டுவிடுங்கள்.